சைகோன் அத்தையும் உடன்குடிக் கருப்பட்டியும்

பன்றிக்கறியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும், "பாதிப் பேரு மொத வரியிலேயே மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிருவாங்க" என்றாள் என் மனைவி. போகிறவர்கள் போகட்டும். மிச்சம் இருக்கிற பாதிப் பேருக்காக எழுதுகிறேன். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பொறுத்துக்கொண்டு படித்தால் அவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. எங்கே என்று இப்போதே சொல்லமாட்டேன்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் இரண்டுக்கும் தவறாமல் செய்யும் கறி இது. பன்றி இறைச்சியைக் காடியிலும் மசாலாவிலும் ஒரு ராத்திரி முழுக்க ஊறவைத்து, மெல்லிய தீயில் வேகவைத்து, கடைசியில் கருப்பட்டிப் பாகை ஊற்றிப் புரட்டிப் புரட்டி, துண்டு ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி மினுங்கும்போது இறக்குவோம். நாக்கில் முதலில் இனிப்பு, உடனே காரம், முடிவில் ஒரு மெல்லிய புளிப்பு. புதுச்சேரியில் என் சின்ன வயதில் இதற்கு "போர் லக்கே" என்று பெயர். "போர்" என்றால் பன்றிக்கறி, சண்டை அல்ல. "லக்கே" என்றால் அரக்கு மெருகு பூசியது. நாற்காலி மேஜைக்கு மெருகு போடுவது போலக் கறிக்கும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் அரபி, பாரசீகம் வழியாக அரக்கைக் குறிக்கும் "லாக்ஷா" என்ற சமஸ்கிருதச் சொல்லில் போய் முடிகிறது. இங்கிருந்து போன சொல்தான், பன்றிக்கறியோடு திரும்பி வந்திருக்கிறது.

கறி மட்டும் நேரே வரவில்லை. சைகோனைச் சுற்றிக்கொண்டு வந்தது.

இளைய வாசகர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 1881-இல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. புதுச்சேரி, காரைக்கால் மக்களில் யார் தங்கள் சாதி வழக்கங்களையும் சொந்தச் சட்டங்களையும் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்கிறார்களோ அவர்கள் ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டு பதிவு செய்துகொள்ளலாம். இவர்களை "ரெனோன்சான்" என்பார்கள். துறந்தவர்கள் என்று பொருள். இப்படிப் பதிந்தவர்களில் பலர் கொச்சின்சீனா என்று அன்று சொல்லப்பட்ட தெற்கு வியட்நாமுக்குக் கப்பலேறினார்கள். சுங்கம், காவல், தபால், கலங்கரை விளக்கம், நீதிமன்ற எழுத்தர் என்று அங்கே உத்தியோகம் கிடைத்தது. 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவை விட்டுக் கிளம்பியபின் அவர்களில் ஒரு பகுதியினர் பிரான்சுக்குப் போனார்கள், ஒரு பகுதியினர் புதுச்சேரிக்குத் திரும்பினார்கள். சிலர் வியட்நாமிய மனைவிகளோடு வந்தார்கள்.

என் தாய்மாமன் சைகோன் சுங்கத்தில் இருந்தவர். அவருடைய மனைவியைத்தான் நாங்கள் சைகோன் அத்தை என்போம். கறுப்புக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு, வாய் நிறைய வெற்றிலையோடு, அடுப்பங்கரையில் குந்தியிருப்பார். வெற்றிலை அவர் ஊரிலும் உண்டு. அந்த ஒரு விஷயத்தில்தான் என் பாட்டிக்கும் அவருக்கும் முதல் நாளே ஒத்துப்போயிற்று. வந்த புதிதில் அவருக்குத் தமிழ் தெரியாது. பாட்டிக்குப் பிரெஞ்சு தெரியாது. பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே துபாஷி உத்தியோகம். என் முதல் அரசுப் பணி அதுதான் என்று சொல்லிக்கொள்வேன்.

அத்தை செய்ததைப் பார்த்துத்தான் கறியில் சர்க்கரை போடலாம் என்பதே எங்களுக்குத் தெரிந்தது. வெறும் சட்டியில் சர்க்கரையைக் காய்ச்சுவார். உருகி, பொன்னிறமாகி, பிறகு கடுங்காப்பி நிறத்துக்கு வரும். ஒரு நொடி தாமதித்தாலும் கசந்துவிடும். சரியான நொடியில் இளநீரை ஊற்றுவார். சட்டி பாம்பு மாதிரி சீறும். அதில் கொழுப்போடும் தோலோடும் வெட்டிய பன்றிக்கறியைப் போட்டு, கொஞ்சம் மீன் சாறு விட்டு, ஒன்றரை மணி நேரம் வேகவைப்பார். மீன் சாறு என்பது நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பில் மாதக்கணக்காக ஊறவைத்து வடிப்பது. வியட்நாமில் அது இல்லாமல் சமையல் இல்லை. அவர் கொண்டுவந்த மீன் சாற்றுப் புட்டிகள் காலியானதும் மாசித்தூளைக் கொண்டு சமாளித்தோம்.

காரம் மட்டும் என் பாட்டி சேர்த்தது. புதுச்சேரிக் கிறிஸ்தவ வீடுகளில் முன்பே ஒரு பன்றிக்கறி இருந்தது. விந்தாலு. இது போர்த்துக்கீசியர் வழி வந்தது. திராட்சை மதுவிலும் பூண்டிலும் ஊறிய இறைச்சி என்பது அவர்கள் ஊர்ப் பெயர். கப்பல் பயணத்தில் இறைச்சி கெடாமலிருக்கக் கண்ட வழி. கோவாவில் திராட்சை மது கிடைக்காததால் தென்னங்கள் காடியை ஊற்றினார்கள். அமெரிக்காவிலிருந்து அவர்களே கொண்டுவந்த மிளகாயை அரைத்துச் சேர்த்தார்கள். வடக்கே சில ஓட்டல்களில் "ஆலு" என்று பெயரில் இருப்பதைப் பார்த்து உருளைக்கிழங்கைப் போட்டுவிடுகிறார்கள். அந்த "ஆலு" உருளைக்கிழங்கு அல்ல, பூண்டு.

ஆக, லிஸ்பனிலிருந்து காடி, சைகோனிலிருந்து இனிப்பு. இரண்டும் புதுச்சேரியில் ஒரே சட்டியில் சேர்ந்தன. நான் வேலைக்குச் சேர்ந்து 1976-இல் பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வந்தபோது இந்தக் கறியும் என்னோடு தாமிரபரணிக் கரைக்கு வந்தது. இரண்டு வருஷத்தில் இந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டேன். கத்தோலிக்கக் குடும்பம்தான் என்றாலும் அவர்கள் வீட்டு வாசற்படியைப் பன்றிக்கறி மிதித்ததில்லை. அவர்களுக்கு ஆடு, கோழி, மீன் போதும்.

கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு இந்தக் கறியைச் செய்யவேண்டும் என்று ஆசை. இறைச்சி எங்கே வாங்குவது? அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் தாழ்வாரத்தில், அங்கே துப்புரவு வேலை பார்த்தவர் என்னை ஓரமாக நிறுத்தினார்.

"சார், கறி நான் கொண்டாந்து தாரேன். எங்க அப்பாதான் வளக்காரு. ஆனா ஆபீஸ்ல சொல்லிராதீங்க."

"ஏன், அதில் என்ன இருக்கிறது?"

"ஒங்களுக்கு ஒண்ணுமில்ல சார். எனக்கு இருக்கு."

அந்த அலுவலகத்தில் அவருக்குத் தனி டம்ளர். அது ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருக்கும். அவர் என்ன சொன்னார் என்பதை விளங்கிக்கொள்ள அந்த டம்ளரைப் பார்த்தாலே போதும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்தார். வாழையிலையில் சுற்றி, அதற்கு மேல் துணிப்பை. கொல்லைக் கதவைத் தட்டினார். என் மனைவி திறந்து பார்த்துவிட்டு, "முன்னால வாங்கண்ணே, முன் வாசல் தெறந்துதான் இருக்கு" என்றாள். அவர் வரவில்லை. அடுத்த வருஷமும் கொல்லைக் கதவுதான். மூன்றாவது வருஷம் முன்வாசலுக்கு வந்தார், திண்ணையில் உட்காரவில்லை. உட்கார்ந்து, இலையில் சாப்பிட்டது 1983-இல். ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுச் சொன்னார்: "நாங்க உப்பும் வத்தலும் போட்டு வேகவச்சு இறக்கிருவோம் சார். இது என்ன, முட்டாய் மாதிரிலா இருக்கு!" பாராட்டா கேலியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அவருடைய அப்பா பன்றிகளுக்குப் போட்டது தவிடும், சமைத்து மீந்த சோறும், மரச்சீனிக் கிழங்குத் தோலும். இதை நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கால்வாய்க் கரையில் கல்லுக்கட்டு போட்டுத் தொட்டி கட்டி வைத்திருந்தார். "பண்ணி என்ன திங்குதோ அதான் கறி" என்பது அவர் சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தம் தமிழுக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு நூல். தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்கிறது. கடற்கரைப் பட்டினத்தில் உங்களுக்கு என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில் ஒரு பன்றி வருகிறது. அந்த ஆண் பன்றியைச் சேற்றில் புரளும் பெண் பன்றிகளோடு திரியவிடாமல் தனியே குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவையே பல நாள் தின்னக் கொடுத்துக் கொழுக்க வைத்திருக்கிறார்கள். அந்தக் கொழுத்த கறியும் நல்ல கள்ளும் கிடைக்கும் என்கிறார் புலவர் உருத்திரங்கண்ணனார். தீவனம், தனிக் கொட்டில், கொழுப்பேற்றுதல் மூன்றும் அதில் இருக்கின்றன. கால்நடைக் கல்லூரியில் இன்று சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். எழுதிய புலவர் முகம் சுளிக்கவில்லை. கேட்ட அரசனும் சுளித்ததாகத் தெரியவில்லை.

இனி கருப்பட்டிக்கு வருகிறேன். அது என் மனைவி செய்த மாற்றம். புதுச்சேரியில் வெள்ளைச் சர்க்கரையைத்தான் கருக்குவோம். "சக்கரையைக் கருக்கி அந்த நெறத்தைக் கொண்டாரதுக்குப் பதிலா, ஏற்கெனவே கருப்பா இருக்கிற கருப்பட்டியப் போட்டா என்ன?" என்றாள். உடன்குடிக் கருப்பட்டி அன்றும் இன்றும் பேர்போனது. அப்போது உடன்குடி எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தது. 1986-இல்தான் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இப்போது அந்தக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சர்க்கரையில் வெறும் இனிப்பு. கருப்பட்டியில் ஒரு புகைவாசமும், அடியில் லேசான உவர்ப்பும் உண்டு. கொழுப்புள்ள கறிக்கு அது சரியாகப் பொருந்திற்று.

ஆனால் காடிக்குத்தான் இங்கே பஞ்சம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பனையில் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் வடிவது பதநீர், காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாவிட்டால் வடிவது கள். அதை அப்படியே புளிக்கவிட்டால் சில வாரங்களில் காடி. இந்தக் கறிக்கு வேண்டிய இனிப்பும் புளிப்பும் ஒரே மரத்தில், ஒரே பாளையில் இருக்கின்றன. இடையில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. தமிழ்நாட்டில் 1987-இல் கள் இறக்குவதைத் தடை செய்தார்கள். கள் போனதோடு கள்ளுக் காடியும் போயிற்று. புதுச்சேரியில் கள்ளுக்கடை உண்டு. ஆகவே ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு புட்டி காடி வாங்கி வருவோம். அது தீர்ந்தால் கடை வினிகர்தான்.

அந்த நாளில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சுத்த சைவப் பிள்ளை. மாடியில் அவர், கீழே நாங்கள். ஒரு ஈஸ்டர் அன்று காலையில் படியிறங்கி வந்தவர் நின்று மூச்சை இழுத்தார்.

"என்ன தாயி, கருப்பட்டி மணம் தூக்குதே! அதிரசமா?"

என் மனைவிக்குப் பொய் வராது. "பன்றிக்கறி அண்ணாச்சி" என்றாள்.

வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, கண்ணப்ப நாயனார் சாமிக்கு என்ன படைச்சார் தெரியுமா?" என்று கேட்டார். பிரெஞ்சுப் பள்ளியில் எனக்கு ஜோன் ஆஃப் ஆர்க் கதை சொல்லிக்கொடுத்தார்களே தவிர கண்ணப்பர் கதை சொல்லவில்லை. அவர் நின்றபடியே சொன்னார். வேட்டையில் அடித்த பன்றியைத் தீயில் வாட்டி, ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டுப் பதம் பார்த்து, ருசியானதை மட்டும் தேக்கிலையில் எடுத்துக்கொண்டு போய்க் காளத்திநாதருக்குப் படைத்தார் திண்ணனார். பிறகு வந்த நாட்களில் தேனடையைப் பிழிந்து இறைச்சியில் கலந்தும் கொடுத்தார். "சேக்கிழார் பாடியிருக்காரு. நெல்லையப்பர் கோயில்லயும் அறுபத்துமூவர் வரிசையில கண்ணப்பர் இருக்காரு. நான் இதைத் திங்கமாட்டேன் தம்பி. ஆனா தப்புன்னும் சொல்லமாட்டேன். அந்தக் கொல்லைப் பக்க ஜன்னலை மட்டும் சாத்திக்கிடுங்க."

இனிப்புப் பூசிய பன்றிக்கறிக்கு வியட்நாம் வரை போகவேண்டியதில்லை, காளத்தி வரை போனால் போதும் என்று அன்று தெரிந்தது. ஜன்னலையும் அந்த வீட்டில் இருந்த ஒன்பது வருஷமும் சாத்தியே வைத்தோம். மேலப்பாளையத்து இஸ்லாமிய நண்பர்கள் வருகிற நாளில் இந்தக் கறி வீட்டில் இருக்காது. அந்தப் பாத்திரமும் தனி. அவரவர் நாக்கு அவரவர்க்கு. ஆனால் அடுத்தவர் வாசலில் போய்ச் சட்டியைத் திறக்கவேண்டியதில்லை.

செய்முறை கேட்பவர்களுக்காக அளவுகளை எழுதிவைக்கிறேன்.

ஒரு கிலோ இறைச்சி, வயிற்றுப்பகுதி அல்லது தொடை. கொழுப்பும் தோலும் இருக்கவேண்டும். இரண்டு விரல் அகலத் துண்டுகள். வெறும் சதையாக வாங்கினால் நார் நாராகிவிடும். வற்றல் மிளகாய் 12, விதை நீக்கி, 100 மில்லி காடியில் அரை மணி ஊறவைக்கவும். அதோடு ஒரு முழுப் பூண்டு, இரண்டு விரல் நீள இஞ்சி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, கிராம்பு நான்கு, ஒரு துண்டு பட்டை, மஞ்சள்தூள் சேர்த்து விழுதாக அரைக்கவும். உப்புச் சேர்த்துக் கறியில் பிசறி, மண்சட்டியிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ மூடி, குளிர்பெட்டியில் ஒரு ராத்திரி வைக்கவும். அலுமினியப் பாத்திரம் கூடாது. காடி அதைத் தின்னும்.

மறுநாள் அடிகனத்த சட்டியில் எண்ணெயில்லாமல் கறியைப் போட்டு வதக்கினால் அதன் கொழுப்பே உருகி வரும். ஒரு தம்ளர் இளநீரும் ஒரு சிட்டிகை மாசித்தூளும் சேர்த்து மூடி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். குக்கரில் சீக்கிரம் ஆகும். ஆனால் தோல் கரைந்துபோகும்.

இதற்குள் 100 கிராம் கருப்பட்டியைத் தட்டிப்போட்டு அரைத் தம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டவும். கருப்பட்டியில் மண் இருக்கும், வடிகட்டாமல் விடக்கூடாது. வடித்ததைக் காய்ச்சி, விரலில் ஒட்டும் பாகுப் பதத்தில் இறக்கவும். கறி வெந்ததும் துண்டுகளை எடுத்துவிட்டு, சட்டியிலிருக்கும் சாற்றைச் சுண்டவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பில் பாதியை அகற்றி, பாகை ஊற்றவும். பெரிய பெரிய குமிழிகளாகக் கொதிக்கும்போது கறியைத் திரும்பப் போட்டு எட்டுப் பத்து நிமிஷம் விடாமல் புரட்டவும். கரண்டி விலகினால் அடிபிடிக்கும். இனிப்பை ஏன் கடைசியில் சேர்க்கிறோம் என்றால், முதலிலேயே சேர்த்தால் கறி வேகுமுன் பாகு கருகிக் கசந்துவிடும் என்பதால்தான். இறக்கும் முன் நல்ல மிளகுத்தூள். புழுங்கலரிசிச் சோறும் வெங்காயப் பச்சடியும் போதும்.

சைவர்களுக்குச் சொல்வதாகச் சொன்னது இதுதான். பன்றிக்கறியால் மூளையில் புழு வரும் என்பார்கள். விஷயம் கொஞ்சம் வேறு. நாடாப்புழு உள்ள மனிதனின் மலத்தைத் தின்ற பன்றியின் சதையில் புழுவின் கூடுகள் உண்டாகின்றன. அந்தச் சதையை அரைவேக்காட்டில் தின்றவனுக்குக் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அவனுடைய மலத்தில் வெளிவரும் முட்டைகள், கழுவாத கையாலோ கழுவாத கீரையாலோ இன்னொருவர் வாய்க்குள் போனால்தான் மூளைக்கு ஏறி வலிப்பு வருகிறது. ஆகவே ஆயுளில் பன்றிக்கறியைத் தொடாதவருக்கும் அது வரும். குற்றவாளி பன்றி அல்ல, கழிப்பறை இல்லாத ஊர். கொட்டிலில் தீவனம் தின்று வளர்ந்த பன்றியின் கறியை நன்றாக வேகவைத்தால் பயமில்லை. ஒன்றரை மணி நேரம் கொதித்த கறியில் புழு பிழைக்காது. காட்டுப்பன்றி என்று யாராவது காதோடு வந்து சொன்னால் மட்டும் வாங்காதீர்கள். அதை வேட்டையாடுவதும் வைத்திருப்பதும் வனச்சட்டப்படி குற்றம்.

கறியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதை வளர்ப்பவர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்.

எனக்கு இறைச்சி கொண்டுவந்த நண்பர் ஓய்வு பெற்று, காலமாகிப் பத்து வருஷமாகிறது. அவருடைய மகள் நன்றாகப் படித்து ஆசிரியை ஆனாள். தாத்தா பன்றி வளர்த்தது அவளுடைய பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணத்தின்போது, "மாமா, எங்க வீட்டுலருந்துதான் ஒங்களுக்குக் கறி வந்துச்சுன்னு மாப்பிள்ளை வீட்டாருக்கிட்ட பேச்சுவாக்குல சொல்லிராதீங்க" என்று கேட்டுக்கொண்டாள். சொல்லவில்லை. அப்பா "ஆபீஸ்ல சொல்லிராதீங்க" என்றார். இருபது வருஷம் கழித்து மகளும் அதே வாக்கியத்தைச் சொன்னாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவள் மகனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பையன் பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன். வேலையை விட்டுவிட்டு வெண்பன்றிப் பண்ணை வைக்கப்போகிறேன் என்கிறான். காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். கணக்கெல்லாம் மனப்பாடம். சினைக்காலம் 114 நாள். ஈற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு குட்டி. தேசியக் கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மானியம், உச்சவரம்பு 30 லட்சம். நான் ஓய்வுபெற்ற எழுத்தன். கோப்பில் ஓட்டை தேடுவது பழக்கம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். 2020-இல் அசாம் பக்கம் நுழைந்த நோய் அது. மனிதருக்கு வராது, ஆனால் கொட்டில் முழுவதையும் காலி பண்ணிவிடும். ஓட்டல் மிச்சத்தைக் கொதிக்கவைக்காமல் போடமாட்டேன், வெளியாட்களைக் கொட்டிலுக்குள் விடமாட்டேன் என்றான். பதில் தயாராக இருந்தது.

தாயிடம் பதில் இல்லை, கண்ணீர்தான் இருந்தது. "எங்கப்பா அந்தச் சகதியில இருந்து என்னைக் கையப் புடிச்சு வெளியில தூக்கிவிட்டாரு மாமா. இவன் திரும்பி அதுக்குள்ளயே எறங்குறேங்கான்."

நான் பெரும்பாணாற்றுப்படை சொன்னேன். கண்ணப்பரைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "சங்க காலத்துல என்ன சொன்னா என்ன மாமா? எங்க தெருவுல என்ன சொல்லுவாங்க? கண்ணப்பரை யாரும் ஜன்னல்ல டம்ளர் வச்சுக் குடிக்கச் சொல்லலியே."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாற்பது வருஷமாக அந்தக் கறியை ருசித்து, அதன் வரலாற்றையும் தேடித்தேடிப் படித்தவன் நான். வளர்த்ததற்கான விலையைக் கொடுத்தது அவர்கள் குடும்பம்.

பையன்தான் பேசினான். "சென்னையில என்கூட வேலை பாக்குறவங்க வாராவாரம் ஓட்டல்ல போய் போர்க் ரிப்ஸ் திங்காங்க அம்மா. மேல தேன் பூசி, மொளகாப்பொடி தூவி, போட்டோ புடிச்சுப் போடுறாங்க. ஒருத்தனும் வெக்கப்படல. போர்க்குனு சொன்னா கௌரவம், பன்னினு சொன்னா கேவலமா? திங்குறவனுக்கு இல்லாத வெக்கம் வளக்குறவனுக்கு எதுக்கு?"

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் நோட்டில் மை கொட்டிவிட்டால் வாத்தியார் "கொஷோன்!" என்று கத்துவார், பன்றி என்று அர்த்தம். அதே ஊரில், பன்றியில் வீணாகிற பாகமே இல்லை என்று பழமொழியும் சொல்வார்கள். திட்டுவதற்கும் அதுதான், தின்பதற்கும் அதுதான் என்பது எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் பிரான்சில் பன்றி வளர்க்கிற குடியானவனின் மகளுக்கு அதனால் சம்பந்தம் தட்டிப்போவதாக நான் படித்ததில்லை. நம் ஊரில் வசவு பிராணியோடு நிற்காமல் வளர்ப்பவன் மேலும் ஏறிவிடுகிறது.

பண்ணை ஆரம்பித்துவிட்டான். ஊருக்கு வெளியே, கிணறும் வேலியும் உள்ள இடம். சிமெண்ட் தளம், தினம் இருமுறை கழுவல், சாணத்தில் எரிவாயு. இருபது தாய்ப்பன்றிகள். கொட்டில் எங்கள் பழைய அலுவலகத்தைவிடச் சுத்தமாக இருக்கிறது. தாய் இதுவரை அங்கே காலடி வைக்கவில்லை. ஆனால் போன ஈஸ்டருக்கு மகன் கொண்டுவந்த இரண்டு கிலோவை அவளே எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தாள், முன்வாசல் வழியாக. கருப்பட்டியை வடிகட்டினது அவள்தான்.

வாசலில் இன்னும் பெயர்ப்பலகை வைக்கவில்லை. "வெண்பன்றிப் பண்ணை" என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதி, மேலே தாத்தா பெயரைப் போடவேண்டும் என்கிறான் மகன். பண்ணை என்று மட்டும் இருந்தால் போதாதா, அப்பா பெயர் எதற்கு என்கிறாள் தாய். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பலகை எழுதுகிற செலவு என்னுடையது என்று இருவரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.